குயில்ட்டுக்குள்ளும் குளிர்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கொடைக்கானல் மலையில் கூடாரம் போட்டுத் தங்க வருபவர்களுக்கு டவுன் குயில்ட் (பறவையின் மெல்லிய தூவி அடைத்த போர்வை) வாடகைக்குக் கொடுப்பதும், திரும்பி வருவதைச் சுத்தம் செய்து அடுத்தவருக்குத் தயார் செய்வதும் என் வேலை. மார்கழி பிறந்துவிட்டால் புகார் ஒரே மாதிரிதான் வரும்: "அண்ணா, இது பத்தலை. இதைவிட கனமா ஒண்ணு இருக்கா?" வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் குயில்ட்டில் ஒரு குறையும் இருக்காது. கோளாறு அதற்குக் கீழே இருக்கும், இல்லையென்றால் ஓரத்தில், அதுவும் இல்லையென்றால் கூடாரம் அடித்த இடத்தில். அதனால் புதிதாக வாங்கக் கிளம்பும் முன் கீழே உள்ளதில் உங்கள் தொல்லை எது என்று பார்த்து அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். எல்லாவற்றிலும் காசு செலவில்லாத வழிதான் முதலில் வரும்.

நடுக்கம் நிற்கவில்லை, பேச்சு குழறுகிறது

இது குயில்ட் விஷயம் இல்லை, உயிர் விஷயம். ஈரத் துணியைக் கழற்றிக் காய்ந்ததைப் போடுங்கள். தலைக்குக் குல்லா, அடியில் இருக்கிற எல்லா மேட்டும் (படுக்க விரிக்கும் காப்பு விரிப்பு), மேலே இருக்கிற எல்லாப் போர்வையும். நினைவு தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால் மட்டும் சர்க்கரை போட்டுச் சூடாக ஏதாவது கொடுக்கலாம். பிராந்தி வேண்டாம், கைகால்களைத் தேய்த்துச் சூடேற்றவும் வேண்டாம். நடுக்கம் தானாக நின்று ஆள் தூங்கி வழிய ஆரம்பித்தால் தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். நிலைமை மோசமாகிறது என்று அர்த்தம். 108-ஐக் கூப்பிடுங்கள். சிக்னல் இல்லாத இடம் என்றால் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

இன்னொன்று: எவ்வளவு குளிர்ந்தாலும் கரி அடுப்பையோ பார்பிக்யூ அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

முதுகும் இடுப்பும் சில்லிடுகிறது

என்னிடம் வரும் புகாரில் முக்கால்வாசி இதுதான். குயில்ட்டுக்கு முதுகுப்பக்கம் கிடையாது. உடம்புக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும் தூவி குளிரைத் தடுக்காது என்பதால்தான் அந்தப் பக்கத்தையே விட்டுவிட்டு எடையைக் குறைத்திருக்கிறார்கள். தரையிலிருந்து ஏறும் குளிரைத் தடுப்பது முழுக்க மேட்டின் வேலை.

சோதனை சுலபம். மேட்டில் மல்லாந்து கொஞ்ச நேரம் படுத்துவிட்டு, அப்படியே குப்புறத் திரும்பிப் படுங்கள். குளிர் முதுகிலிருந்து வயிற்றுக்கு மாறினால் குயில்ட்டைத் திட்ட வேண்டாம், மேட்டைப் பாருங்கள்.

*காற்று மேட் தொய்ந்திருக்கிறது.* சாயங்கால வெயிலில் ஊதிய மேட் ராத்திரி குளிர்ந்ததும் கொஞ்சம் தொய்யத்தான் செய்யும். உள்ளே இருக்கும் காற்று சுருங்குவதுதான் காரணம், ஓட்டை இல்லை. படுக்கும் முன் இரண்டு மூச்சு கூடுதலாக ஊதினால் போதும். காலையில் சப்பையாகத் தரையோடு கிடந்தால் மட்டும் ஓட்டை தேடுங்கள். முதலில் வால்வு: மணலோ புல்லோ மாட்டியிருந்தால் துடைத்தாலே சரியாகிவிடும். அப்புறம் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வரும் இடத்தைக் குறித்துக்கொண்டு, துடைத்து நன்றாகக் காயவைத்து, மேட்டோடு வந்த ஒட்டுத்துணியை ஒட்டுங்கள். சைக்கிள் கடைப் பஞ்சர் ஒட்டு இந்தத் துணியில் நிலைத்து நிற்பதில்லை. உள்ளே இரண்டு அறைகளுக்கு நடுவே ஒட்டு விட்டுப்போய், மேட் ஒரு பக்கம் பலூன் போலப் புடைத்தால் வீட்டில் சரிசெய்ய வழியில்லை. வாரண்டி இருந்தால் கம்பெனிக்கு அனுப்புங்கள்.

*மேட் நன்றாக இருக்கிறது, ஆனாலும் குளிர்.* அதில் ஆர்-மதிப்பு (R-value, குளிரைத் தடுக்கும் திறனின் அளவு; எண் கூடினால் நல்லது) அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். உள்ளே வெறும் காற்று மட்டும் இருக்கும் மேட்டுக்கு அது 1, 1.5 அளவில்தான் இருக்கும். மடக்கும் ஃபோம் மேட் 2-ஐ ஒட்டி வரும். உறைபனி விழும் ராத்திரிக்கு 4 இருந்தால் நிம்மதி. புதிது வாங்க வேண்டியதில்லை. ஒன்றின் மேல் ஒன்று போட்டால் இரண்டின் மதிப்பும் கூடும். காற்று மேட்டின் அடியில் ஒரு ஃபோம் மேட் விரித்தால் முள் குத்துவதும் தப்பும். யோகா மேட் இருந்தால் அதையும் போடுங்கள், ஓரளவுக்கு உதவும்.

*ஃபோம் மேட்டும் இல்லை.* கேம்ப்காரர்கள் கொடுக்கும் கனத்த கம்பளி இருக்கும் அல்லவா, அதை மடித்து உடம்புக்கு அடியில் விரியுங்கள். எல்லாரும் செய்வது நேர்மாறு: குயில்ட்டின் மேலே போர்த்துகிறார்கள். கம்பளியின் கனத்தில் தூவி நசுங்கிவிடும், இருந்த சூடும் போகும். மன்னவனூரில் செம்மறி ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணையே இருக்கிறது. கம்பளியின் அருமை இந்த மலைக்குத் தெரியாததில்லை. ஆனால் தூவிக்கு மேலே அதற்கு இடமில்லை.

*தரையில் இல்லை, கட்டிலில் படுக்கிறேன்.* கயிற்றுக் கட்டிலோ மடக்குக் கட்டிலோ, அடியில் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். தரையைவிட அது மோசமாகவும் இருக்கலாம். கட்டிலின் மேலும் மேட் வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் முதுகு சில்லிட்டால், குயில்ட்டுக்கு ஒதுக்கிவைத்த பணத்தை எடுத்து உள்ளே காப்பு வைத்த நல்ல மேட் ஒன்று வாங்குங்கள். சுமாரான குயில்ட்டோடு நல்ல மேட் இருந்தால் தூங்கலாம். மேட் சரியில்லாமல் எவ்வளவு விலை உயர்ந்த குயில்ட் இருந்தும் தூங்க முடியாது.

புரளும்போதெல்லாம் பக்கவாட்டில் காற்று நுழைகிறது

முதல் கேள்வி: மேட்டைச் சுற்றிக் கட்ட இரண்டு எலாஸ்டிக் பட்டை வந்ததே, எங்கே? பையின் அடியில் உருண்டு கிடக்கும். அதைத் தேடி எடுத்து, ஒன்றை மார்பு உயரத்திலும் ஒன்றை இடுப்பு உயரத்திலும் மேட்டைச் சுற்றிப் போட்டு, குயில்ட்டின் ஓரக் கொக்கியை மாட்டுங்கள். ஓரம் மேட்டுக்கு வெளியே தொங்கக் கூடாது. உடம்புக்கும் மேட்டுக்கும் நடுவே உள்பக்கமாகச் செருகியிருக்க வேண்டும். அதற்காக இறுக்கி இழுக்கவும் வேண்டாம். இழுத்துப் பிடித்தால் தோளிலும் முழங்காலிலும் தூவி நசுங்கி அங்கே குளிரும்.

பட்டை சரியாக இருந்தும் காற்று வந்தால் அகலத்தைப் பாருங்கள். வீட்டிலேயே மேட் விரித்து ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்குங்கள். இரண்டு பக்கமும் ஓரம் மேட்டைத் தொட்டபடி இருக்கிறதா? மல்லாந்தே தூங்கும் ஒல்லியானவருக்கு 130 செ.மீ. அகலம் போதும். புரண்டு புரண்டு படுப்பவருக்கும் உடம்பு வாகானவருக்கும் 145 செ.மீ. பக்கம் வேண்டும். அகலம் பத்தவில்லை என்றால் காற்று வரும் பக்கத்தில் பையையும் ஜாக்கெட்டையும் அணைத்து வைத்து அந்த ராத்திரியை ஓட்டலாம். நிரந்தர வழி அகலமான குயில்ட்தான்.

எலாஸ்டிக் தளர்ந்துபோயிருந்தால் தையல்காரரிடம் மாற்றிக்கொள்ளலாம், சின்ன வேலை. ஆனால் தூவி இருக்கும் அறைக்குள் ஊசி போகக் கூடாது, ஓரப் பட்டியில் மட்டும் தைக்க வேண்டும் என்று பக்கத்திலேயே நின்று சொல்லுங்கள்.

கால் விரல், கழுத்து, தலை

கால் என்றால் கால்பகுதி ஜிப்பையும் அடி நாடாவையும் பாருங்கள். நாடாவை முழுக்கச் சுருக்கினாலும் நடுவில் ஒரு ஓட்டை நிற்கும்; ஒரு சாக்ஸை உருட்டி அதில் அடைத்துவிடுங்கள். நடந்த சாக்ஸோடு படுக்காதீர்கள். வறண்டது போலத் தெரிந்தாலும் அதில் வியர்வை இருக்கும். வெந்நீர் பாட்டில் வைப்பதென்றால், மலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை என்பதால் எவர்சில்வர் பாட்டில்தான். அதுவும் ஒற்றைச் சுவர் பாட்டில். ஃபிளாஸ்க் சூட்டை வெளியே விடாது. மூடியை இறுக்கிக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, சாக்ஸுக்குள் போட்டுக் கால்மாட்டில் வையுங்கள்.

கழுத்து என்றால் மேல் நாடா, டிக் பட்டன். போடாமல் விடுவது வழக்கம். தலை என்றால் குயில்ட்டுக்குத் தொப்பி கிடையாது என்பதை மறந்துவிட்டீர்கள். மங்கி கேப் ஒன்று பஜாரில் எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

ராத்திரி சரி, விடியற்காலையில் விறைக்கிறது

மூன்று, நான்கு மணிக்கு விழிப்பு வந்து அப்புறம் தூக்கமே இல்லை என்பவர்கள் கவனிக்க வேண்டியது, முதலில், கூடாரம் எங்கே இருக்கிறது என்பதை.

மேகமில்லாத, காற்றில்லாத ராத்திரியில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஊட்டியில் உறைபனி என்றால் தலைகுந்தாவையும் காந்தலையும் படம் பிடித்துப் போடுகிறார்களே, எல்லாம் தாழ்ந்த திறந்த புல்வெளி. கொடைக்கானலிலும் ஏரிக்கரைப் புல்லில்தான் முதலில் வெள்ளை படியும். ஓடையோரப் புல்தரை பார்க்க அழகாக இருக்கும், அதனால்தான் எல்லாரும் அங்கே கூடாரம் அடிக்கிறார்கள். அந்த அடிவாரத்தை விட்டுச் சரிவில் கொஞ்சம் மேலே ஏறி, மரத்தின் ஓரமாகப் போனாலே குளிர் குறைவது தெரியும். சோலைக்குள் பனி உறைவதில்லை, வெளிப் புல்வெளியில் உறையும். மரக்கூரை தரையின் சூட்டை மேலே போகவிடாமல் பிடித்துவைக்கிறது. ஆனால் சோலைக்குள் போய்க் கூடாரம் அடிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. அது வனத்துறை நிலம், அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. அனுமதி உள்ள கேம்பிலேயே இடம் மாற்றிக் கேளுங்கள். காய்ந்த கிளை தலைக்கு மேலே தொங்குகிறதா என்பதையும் அண்ணாந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இடம் சரி என்றால் வயிறு. ஆறு மணிக்கே சாப்பிட்டு முடித்திருந்தால் விடியற்காலையில் உடம்பில் எரிக்க ஒன்றும் மிஞ்சாது. படுக்கும் முன் கடலைமிட்டாய், நெய் சேர்த்த ஏதாவது ஒன்று சாப்பிடுங்கள். சிறுநீர் முட்டினால் குளிருக்குப் பயந்து அடக்கிக்கொண்டு கிடக்காமல் போய்விட்டு வாருங்கள். தூக்கமும் வரும்.

உடுப்பு: காய்ந்த உள்ளாடை, மெல்லிய ஸ்வெட்டர் போதும். இருக்கிற துணியையெல்லாம் மாட்டிக்கொண்டு குயில்ட்டுக்குள் நுழைந்தால் உள்ளிருந்தே தூவியை நெரிப்பீர்கள். மிச்ச ஜாக்கெட்டை மேலே லேசாகப் போட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக லேபிள். 0 டிகிரி என்று போட்டிருந்தால் 0 டிகிரியில் சுகமாகத் தூங்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தூக்கப்பைகளுக்கு உள்ள சர்வதேசச் சோதனையில் வசதி அளவு, தாங்கும் அளவு என்று தனித்தனியாக உண்டு. குயில்ட் செய்பவர்கள் பெரும்பாலும் அந்தச் சோதனைக்குப் போகாமல் தாங்களே ஒரு எண் போடுகிறார்கள். அது பல சமயம் தாங்கும் அளவாகவே இருக்கும். சீக்கிரம் குளிர்பவர்கள் அதோடு 5 டிகிரி கூட்டிக் கணக்குப் போடுங்கள். மலை ஊர்களில் ஜனவரி ராத்திரி பூஜ்யத்தை ஒட்டி இறங்கும் இடங்கள் உண்டு. அங்கே படுக்க −5 போட்ட குயில்ட் வேண்டும். மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டீர்கள் என்றால், ஆமாம், இப்போது வேறு குயில்ட் வாங்கலாம்.

காலையில் குயில்ட் ஈரமாக இருக்கிறது

எந்தப் பக்கம் ஈரம் என்று தொட்டுப் பாருங்கள்.

*வெளிப்பக்கம், அதுவும் கால்மாட்டிலும் தலைமாட்டிலும்.* கூடாரச் சுவரில் உரசியிருக்கிறது. மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்த துணியில் துளியாக நிற்கும், உரசினால் குயில்ட் குடித்துவிடும். குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் மூடி, காற்று வழியையும் அடைத்துப் படுப்பதுதான் காரணம். மேல் ஜன்னலையும் கதவின் மேல் முனையையும் ஒரு சாண் திறந்துவையுங்கள். உயரமான ஆள் என்றால் மேட்டைக் கூடாரத்தின் மூலைக்கு மூலை குறுக்காகப் போடுங்கள். கால்மாட்டில் ரெயின்கோட்டைப் போட்டு மறைக்கலாம், முழுக்கப் போர்த்தாதீர்கள். உள்ளிருந்து வரும் ஆவி அதிலேயே நின்றுவிடும்.

*வாய் இருக்கும் இடம் மட்டும்.* போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டு மூச்சு விடுகிறீர்கள். மூக்கை வெளியே விட்டு, முகத்துக்கு மஃப்ளர்.

*உள்பக்கம் முழுக்கப் பிசுபிசுப்பு.* வியர்வை. ராத்திரி முன்பாதியில் ஒரு காலை வெளியே நீட்டுங்கள், குயில்ட்டின் சௌகரியமே அதுதான்.

*உள்ளே வெளியே எல்லாம், கூடாரமே சொட்டுகிறது.* மஞ்சு, அதாவது மலையில் இறங்கும் மேகமூட்டம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பழனி மலையில் இறங்கினால் நாள்கணக்கில் மேகத்துக்குள்ளேயே இருக்க வேண்டியதுதான். நீலகிரியின் மேற்குப் பக்கத்துக்கு ஜூன் முதலே அந்த நிலைமை. தூவி ஒரே ராத்திரியில் செத்துவிடாது; தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் ஏறி, மூன்றாம் நாள் பாதி உப்பல்தான் இருக்கும். வெயில் தலைகாட்டும் போதெல்லாம், பத்து நிமிடமானாலும் சரி, கருப்புத் துணிப்பக்கம் மேலே இருக்க விரித்துப் போடுங்கள். அடுப்பு, நெருப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நாள்கணக்கில் மஞ்சு என்று முன்பே தெரிந்தால் டவுனை வீட்டிலேயே வைத்துவிட்டு செயற்கை நார் அடைத்த போர்வையைத் தூக்கிக்கொண்டு போங்கள். கனம்தான், ஆனால் நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். இந்தப் பருவத்தில் நான் டவுன் வாடகைக்கே கொடுப்பதில்லை.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் சில அறைகள் காலி

தூவி நகர்ந்திருக்கலாம், கட்டியிருக்கலாம், அல்லது குறைந்திருக்கலாம். மூன்றும் வேறு.

ஜன்னல் முன் பிடித்துக்கொண்டு காலி அறையின் இரண்டு முனையையும் தடவுங்கள். ஓரத்தில் மெத்தென்று குவிந்திருந்தால் நகர்ந்துபோன கேஸ். தட்டையாக விரித்து, உள்ளங்கையால் ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். சில குயில்ட்களில் ஒரு பக்க ஓரத்திலிருந்து மறுபக்க ஓரம்வரை ஒரே அறையாக விட்டிருப்பார்கள். அவற்றில் இது அடிக்கடி நடக்கும், குறை இல்லை. குளிர் நாளில் எல்லாவற்றையும் நடுவுக்குத் தள்ளிக்கொள்ளவும் செய்யலாம்.

விரலுக்கு நெல்லிக்காய் அளவில் உருண்டை உருண்டையாகத் தட்டுப்பட்டால் ஈரத்திலோ எண்ணெய்ப் பிசுக்கிலோ கட்டியிருக்கிறது. கீழே உள்ள தலைப்புக்குப் போங்கள். இரண்டும் இல்லை, அறை நிஜமாகவே காலி, இரு துணிக்கும் நடுவே ஒன்றுமே இல்லை என்றால் தூவி எங்கோ வெளியேறுகிறது. கடைசித் தலைப்பைப் பாருங்கள். உள்ளே அறைகளைப் பிரிக்கும் வலைத்துணி கிழிந்திருந்தாலும் பக்கத்து அறை பொம்மென்று வீங்கி இது காலியாக நிற்கும். அதைத் தையல்காரரிடம் கொடுக்காதீர்கள், செய்த கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும்.

உப்பவே மாட்டேன் என்கிறது, ஒரு மாதிரி வாடை

பையிலிருந்து எடுத்ததும் உப்பாது. உதறிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள். கூடாரம் அடித்ததும் முதல் வேலையாகக் குயில்ட்டை வெளியே எடுத்துப் போடுங்கள்.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் சப்பை என்றால் எப்படிச் சேமித்தீர்கள் என்று பாருங்கள். மாதக்கணக்கில் சுருட்டித் திணித்து வைத்திருந்தால் வெயில் படாத சூடான அறையில் இரண்டு நாள் தொங்கவிடுங்கள். இனிமேல் பெரிய பருத்திப் பையில் தளர்வாக வையுங்கள். பழைய தலையணை உறை போதும். ஊட்டி, கொடை வீடுகளில் சுவரோடு ஒட்டிய அலமாரி வேண்டாம், மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும்.

அப்புறமும் தேறவில்லை, கழுத்துப் பக்கம் துணி கருத்திருக்கிறது என்றால் துவைக்க வேண்டும். தலையெண்ணெய் அதிகம் வைக்கும் நமக்கு இது சீக்கிரமே வரும்.

என் ஒரே பிடிவாதம்: மலையில் துவைக்காதீர்கள். இங்கே அது காய நாள்கணக்காகும், அதற்குள் பூஞ்சை வந்துவிடும். கீழே வத்தலக்குண்டோ மேட்டுப்பாளையமோ இறங்கி, வறண்ட வெயில் நாளில் செய்யுங்கள். சலவைத்தூள், கம்ஃபர்ட் வகையறா வேண்டாம். தூவிக்கென்றே உள்ள நிக்வாக்ஸ் டவுன் வாஷ் போன்ற திரவம் வாங்கி, பெரிய தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரில் அமுக்கி அமுக்கி அலசுங்கள். நுரை வருவது நிற்கும்வரை அலச வேண்டும், பொறுமை போகும். முன்கதவு மெஷின் பெரிதாக இருந்தால் மென்மையான சுற்றில் போடலாம். நடுவில் தண்டு சுழலும் மேல்மூடி மெஷினில் போட்டால் உள் வலை கிழியும். முறுக்கிப் பிழியக் கூடாது. நனைந்ததை ஒரு முனையைப் பிடித்துத் தூக்கவும் கூடாது, தண்ணீர்க் கனத்தில் உள்ளே கிழிந்துவிடும். அடியில் இரண்டு கையையும் கொடுத்து அள்ளுங்கள்.

காயவைப்பதுதான் கஷ்டம். டிரையர் இருந்தால் குறைந்த சூட்டில், இரண்டு சுத்தமான டென்னிஸ் பந்தோடு, மணிக்கணக்காக. இல்லையென்றால் நிழலில் விரித்து, அடிக்கடி திருப்பி, உருண்டைகளை விரலால் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். வெளித்துணி காய்ந்துவிட்டது என்று எடுத்து வைக்காதீர்கள். உருண்டை ஒன்றுகூட இல்லாதபோதுதான் காய்ந்ததாக அர்த்தம்.

இதற்கெல்லாம் நேரமில்லை என்பவர்கள் கோவை, மதுரை போன்ற ஊர்களில் பெரிய டிரையர் வைத்திருக்கும் லாண்டரியில் கேளுங்கள். டிரை கிளீனிங் மட்டும் வேண்டாம், அந்த ரசாயனம் தூவியின் இயற்கை எண்ணெயை எடுத்துவிடும். கரும்புள்ளி பிடித்து, துவைத்தும் வாடை போகவில்லை என்றால் அதைப் போர்த்திக்கொண்டு படுக்காதீர்கள். தூவியை மாற்றும் செலவுக்குப் புதிதே வாங்கலாம்.

தூவி வெளியே வருகிறது

அங்கங்கே ஒன்றிரண்டு எட்டிப் பார்ப்பது சகஜம். வெளியே இழுக்காதீர்கள், ஓட்டை பெரிதாகும். பின்பக்கத்திலிருந்து பிடித்து உள்ளே இழுத்துவிட்டு, அந்த இடத்தைத் தேய்த்துவிடுங்கள்.

தையல் வரி முழுக்கத் தூவி வந்தால் நூல் விட்டுப்போயிருக்கிறது. முள் கிழித்தது, நெருப்புப்பொறி விழுந்து உருகியது என்றால் நைலான் ஒட்டுப்பட்டையை வட்டமாக வெட்டி, துணியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். மூலை வைத்து வெட்டினால் அங்கிருந்து பிரிந்துவரும். காட்டில் அந்தப் பட்டை கையில் இல்லையென்றால் மருந்துப் பெட்டியில் உள்ள பிளாஸ்திரி ஊர் திரும்பும்வரை தாங்கும். ஊசி நூலை எடுக்காதீர்கள். ஒவ்வொரு ஊசித்துளையும் தூவிக்கு ஒரு வாசல்.

கை நுழையும் அளவுக் கிழிசல், அல்லது தையல் வரியே பிரிந்தது என்றால் டேப் ஒட்டி மூடிவைத்து, செய்த கம்பெனியிடமோ ஜாக்கெட், கூடாரம் பழுது பார்ப்பவரிடமோ கொடுங்கள். கொடுக்கும் முன் துவைத்துக் கொடுங்கள், அழுக்குக் குயில்ட்டைப் பல இடங்களில் வாங்க மாட்டார்கள். துவைக்கும்போது டேப் பிரிந்தால் அந்த அறையின் தூவி முழுக்கத் தொட்டிக்குப் போகும் என்பதால், இரண்டு பக்கமும் ஒட்டிய பிறகே தண்ணீரில் போடுங்கள்.